அரியலூரின் இரண்டு நிறங்கள்: சென்சஸ் எண்களை வரைபடமாக்கிப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2011 சென்சஸ்படி அரியலூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1015 பெண்கள். தமிழ்நாட்டின் சராசரி 996. பார்க்க நல்ல எண். அதே மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் 1000 ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகள். மாநிலச் சராசரி 943.

இரண்டையும் கணக்கிடத் தேவையான எண்கள் ஒரே எக்செல் ஃபைலில் ஒரே வரியில்தான் இருக்கின்றன. அந்த வரியை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். மொத்தப் பாலின விகிதத்துக்கு ஒரு வரைபடம், குழந்தைப் பாலின விகிதத்துக்கு ஒரு வரைபடம் என்று போட்டு அருகருகே வைத்த நாளில்தான் கண்ணில் பட்டது. மாநிலச் சராசரிக்கு மேலே இருந்தால் ஊதா, கீழே இருந்தால் ஆரஞ்சு என்று நிறம் கொடுத்திருந்தேன். ஒன்றில் அரியலூர் ஊதா, இன்னொன்றில் அடர் ஆரஞ்சு. பக்கத்து மாவட்டமான கடலூரும் அதே ஆரஞ்சு, அங்கே 896. அட்டவணையில் தள்ளித் தள்ளி நிற்கும் ஊர்கள் வரைபடத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றன.

அந்த இரண்டு வரைபடங்களையும் நீங்களே போடுவதுவரை இந்த வழிகாட்டி கூடவே வரும். மென்பொருள் கியூஜிஐஎஸ். இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதற்கு முன் வரைபட மென்பொருளைத் தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை. எக்செல்லில் ஒரு கூட்டல் போடத் தெரிந்தால் போதும். சென்சஸ் வரைபடங்களில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை மென்பொருள் தெரியாததால் வருவதில்லை. எதை எதால் வகுக்கிறோம், எந்த ஆண்டின் எல்லைக்குள் எண்ணைப் போடுகிறோம் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விடுவதால்தான் வருகின்றன. அதனால் அந்த இரண்டு இடத்திலும் நின்று நிதானமாகப் பேசுகிறேன்.

படி 1: தேவையானவற்றை இறக்கிக்கொள்வது

கியூஜிஐஎஸ் தளத்தில் எப்போதும் இரண்டு பதிப்புகள் இருக்கும். 'லாங் டெர்ம் ரிலீஸ்' என்று இருப்பதை எடுங்கள். புதுப் பதிப்பில் வசதிகள் கூடுதல், ஆனால் இந்த வேலைக்கு நிலையான பதிப்பே நல்லது.

எண்களுக்கு இந்திய சென்சஸ் தளத்தில் 'பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்' என்ற அட்டவணையைத் தேடுங்கள். சுருக்கமாகப் பிசிஏ என்பார்கள். வீடுகள், மக்கள்தொகை, 0–6 வயதுக் குழந்தைகள், எஸ்சி, எஸ்டி, எழுத்தறிவு பெற்றவர்கள், தொழிலாளர் வகைகள் என எல்லாமே ஆண், பெண் பிரித்து இதில் இருக்கும். பரப்பளவு இதில் இருக்காது. அதற்கு 'ஏ-1' அட்டவணையையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

எல்லைகளுக்கு டேட்டாமீட் என்ற தன்னார்வலர் குழு 2011 சென்சஸ் மாவட்ட எல்லைகளை கிட்ஹப்பில் எல்லோரும் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் தளத்திலும் எல்லைகள் கிடைக்கும், ஆனால் அவை இன்றைய நிர்வாக எல்லைகள். இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. அடுத்த படியே அதற்குத்தான்.

படி 2: எந்த ஆண்டின் எல்லை?

2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், 215 தாலுகாக்கள். இன்று 38 மாவட்டங்கள். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிறந்தன. 2020இல் மயிலாடுதுறை. இன்றைய 38 மாவட்ட எல்லையோடு 2011இன் 32 வரிகளை இணைத்தால் ஆறு மாவட்டங்கள் வெறுமையாக நிற்கும். அதுவாவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாத ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. புது விழுப்புரத்தின் எல்லைக்குள் பழைய விழுப்புரத்தின் எண் போய் உட்கார்ந்துகொள்ளும். கள்ளக்குறிச்சி மக்களையும் சேர்த்து எண்ணிய எண், கள்ளக்குறிச்சி இல்லாத நிலத்தின் மேல்.

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. பரப்பு சுமார் 175 சதுர கிலோமீட்டர். அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். 2018இல் மாவட்ட எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய மக்கள்தொகையைப் புதுப் பரப்பால் வகுத்தால் 10,900 சொச்சம் வரும். சென்னையின் நெரிசல் பாதிக்கும் கீழே போய்விட்டது போல ஒரு வரைபடம் கிடைக்கும், மென்பொருள் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாது. அதனால் 2011 எண்ணுக்கு 2011 எல்லை, 2001 எண்ணுக்கு 2001 எல்லை என்று ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்வதுகூடத் தகும்.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் எண்கள் முழுமையாக வெளியாகும்வரை மாவட்டம், தாலுகா, கிராமம் என்று இறங்கிப் பார்க்க நமக்கு 2011தான் ஆதாரம்.

படி 3: எண் ஃபைலைச் சுத்தம் செய்வது

பிசிஏ ஃபைலைத் திறந்ததும் ஒன்று தெரியும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மூன்று வரிகள்: மொத்தம், கிராமப்புறம், நகர்ப்புறம். நமக்கு இப்போது மொத்தம் மட்டும் வேண்டும். ஃபில்டர் போட்டு மற்ற இரண்டையும் நீக்குங்கள். இதைச் செய்யாமல் இணைத்தால் கியூஜிஐஎஸ் மூன்றில் ஏதோ ஒரு வரியை எடுத்துக்கொள்ளும், பிழை என்று எதுவும் சொல்லாது. மாநில மொத்தத்துக்கான வரியையும் நீக்கிவிடுங்கள். கடைசியில் சரியாக 32 வரிகள் நிற்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, பத்தித் தலைப்புகள். பிசிஏ ஃபைலில் அவை ஆங்கிலச் சுருக்கங்களாக இருக்கும். நான் முதல் வேலையாக அவற்றைத் தமிழில் மாற்றிவிடுவேன்: குறியீடு, மொத்தம், ஆண், பெண், குழந்தை, ஆண்குழந்தை, பெண்குழந்தை, எழுத்தறிவு. ஏ-1 அட்டவணையிலிருந்து பரப்பு என்ற பத்தியையும் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ்ஸுக்குத் தமிழ்த் தலைப்பு ஒரு பிரச்சினையே இல்லை. சூத்திரம் எழுதும்போது நாம் என்ன செய்கிறோம் என்பது நமக்கே தெளிவாகத் தெரியும். தலைப்பில் இடைவெளி மட்டும் விடாதீர்கள்.

சேமிக்கும்போது எக்செல்லில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சென்சஸ் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 602 முதல் 633 வரை, சென்னை 603. தாலுகாவுக்கு ஐந்து இலக்கம், அது 0-வில் தொடங்கும். எக்செல் அந்த முதல் 0-வை விழுங்கிவிடும். தாலுகா அளவில் வேலை செய்யும்போது அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று முன்கூட்டியே மாற்றிவிட்டுத் திறப்பது நல்லது.

படி 4: இணைப்பது

கியூஜிஐஎஸ்ஸில் எல்லை ஃபைலை இழுத்துப் போட்டால் இந்தியா முழுவதும் 600-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் தெரியும். மாநிலக் குறியீடு 33 (தமிழ்நாடு) உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, லேயர் (திறந்த ஃபைல் வரைபடத்தில் நிற்கும் அடுக்கு) மேல் வலது கிளிக் செய்து, 'எக்ஸ்போர்ட்', 'சேவ் செலக்டட் ஃபீச்சர்ஸ்' என்று தனி ஃபைலாகச் சேமியுங்கள். வகை 'ஜியோபேக்கேஜ்' ஆக இருக்கட்டும். பழைய 'ஷேப்ஃபைல்' வகையில் பத்திப் பெயருக்குப் பத்து பைட் மட்டுமே இடம். தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கே மூன்று பைட் ஆகும். 'மக்கள்' என்று எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

அப்புறம் 'லேயர்' மெனுவில் 'ஆட் டிலிமிடெட் டெக்ஸ்ட் லேயர்' வழியாகச் சிஎஸ்வி ஃபைலைக் கொண்டு வாருங்கள். அதில் 'நோ ஜியாமெட்ரி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் இது வெறும் அட்டவணை. கீழே மாதிரி வரிகள் தெரியும். அங்கேயே தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லை லேயரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'ஜாயின்ஸ்' பகுதிக்குப் போய், பச்சைக் கூட்டல் குறியை அழுத்துங்கள். எந்த அட்டவணை, அதில் எந்தப் பத்தி, எல்லை லேயரில் எந்தப் பத்தி என்று மூன்று கேள்விகள் வரும். இரண்டு பக்கமும் சென்சஸ் குறியீட்டைக் கொடுங்கள். மாவட்டப் பெயரைக் கொடுக்க வேண்டாம். ஆங்கிலத்தில் தூத்துக்குடிக்கு ஒரு ஃபைலில் 'கே' ஒன்று, இன்னொன்றில் இரண்டு. திருவள்ளூர் ஓரிடத்தில் 'எச்' உடன், ஓரிடத்தில் இல்லாமல். நீலகிரிக்கு முன்னால் சில ஃபைல்களில் 'தி' ஒட்டிக்கொண்டிருக்கும். கன்னியாகுமரியை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணவே முடியாது. குறியீட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இணைத்த பிறகும் எல்லா எண்களும் காலியாக வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் குறியீடு எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பார்வைக்கு இரண்டும் 603தான். மென்பொருளுக்கு இரண்டும் வேறு. 'ரீஃபேக்டர் ஃபீல்ட்ஸ்' என்ற கருவியில் வகையை மாற்றலாம்.

எல்லாம் சரியானதும் லேயரை இன்னொரு முறை ஜியோபேக்கேஜாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். ஜாயின் என்பது தற்காலிகக் கட்டு. ஏற்றுமதி செய்தால்தான் எண்கள் அந்த லேயருக்குள்ளேயே நிலையாகத் தங்கும். ஏற்றுமதிப் பெட்டியில் ஒவ்வொரு பத்திப் பெயருக்கு முன்னாலும் சிஎஸ்வி ஃபைலின் பெயர் ஒட்டியிருந்தால் அதை அங்கேயே நீக்கிவிடலாம்.

இப்போது மொத்தம் பத்தியைக் கூட்டிப் பாருங்கள். 7,21,47,030 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

படி 5: எதை எதால் வகுப்பது

சென்சஸ் தருவது எண்ணிக்கை. வரைபடத்தில் நிறம் தீட்ட வேண்டியது விகிதத்துக்கு. எஸ்சி மக்களின் எண்ணிக்கையை அப்படியே நிறமாக்கினால் விழுப்புரம், காஞ்சிபுரம் போன்ற அன்றைய பெரிய மாவட்டங்கள் அடர் நிறத்தில் வரும். ஆள் அதிகம் உள்ள மாவட்டத்தில் எதுவுமே அதிகமாகத்தான் இருக்கும். மொத்த மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் திருவாரூர் மேலே வருகிறது: சுமார் 34 சதவீதம். மாநிலச் சராசரி 20. கீழத் தஞ்சையின் நிலவுடைமை வரலாறும் விவசாயக் கூலிகளின் வாழ்வும் அந்த ஒரு நிறத்துக்குப் பின்னால் நிற்கின்றன. முதல் வரைபடத்தில் அது தெரிந்திருக்கவே முடியாது. எண்ணிக்கையைத்தான் காட்ட வேண்டும் என்றால் மாவட்டத்தின் நடுவில் சிறிதும் பெரிதுமாக வட்டங்கள் போடுங்கள், நிலம் முழுவதும் நிறம் பூச வேண்டாம்.

'ஃபீல்ட் கால்குலேட்டர்' திறந்து புதுப் பத்திகளை உருவாக்குவோம். வகையை 'டெசிமல்' என்று வையுங்கள். முழு எண் என்று விட்டால் புள்ளிக்குப் பின் இருப்பது போய்விடும்.

பாலின விகிதம்: 1000 * "பெண்" / "ஆண்"

குழந்தைப் பாலின விகிதம்: 1000 * "பெண்குழந்தை" / "ஆண்குழந்தை"

எழுத்தறிவு விகிதம்: 100 * "எழுத்தறிவு" / ("மொத்தம்" - "குழந்தை")

அடர்த்தி: "மொத்தம்" / "பரப்பு"

பத்திப் பெயருக்கு இரட்டை மேற்கோள்தான் போட வேண்டும். ஒற்றை மேற்கோள் போட்டால் அதை வெறும் சொல்லாக எடுத்துக்கொள்ளும், விடை வராது.

மூன்றாவது சூத்திரத்தில் குழந்தைகளை ஏன் கழிக்கிறோம்? சென்சஸ் எழுத்தறிவை ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே கணக்கிடுகிறது. தமிழ்நாட்டுக்கே போட்டுப் பாருங்கள். எழுத்தறிவு பெற்றவர்கள் 5,18,37,507. மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 71.85 சதவீதம். 0–6 வயதினர் 74,23,832 பேரைக் கழித்துவிட்டு வகுத்தால் 80.09 சதவீதம். அரசு வெளியிட்ட எண் இரண்டாவதுதான். இரண்டுக்கும் நடுவே எட்டு புள்ளி வித்தியாசம். முதல் முறையில் போட்டால் குழந்தைகள் அதிகமாகப் பிறக்கும் மாவட்டங்கள் எல்லாம் படிப்பில் பின்தங்கியவை போலத் தெரியும். அது அந்த ஊர் மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடர்த்திக்குப் பரப்பளவைக் கியூஜிஐஎஸ்ஸே கணக்கிட்டுத் தரும். ஆனாலும் ஏ-1 அட்டவணையின் பரப்பைப் பயன்படுத்தவே நான் சொல்வேன். இணையத்தில் கிடைக்கும் எல்லைகள் பெரும்பாலும் கோட்டை எளிமைப்படுத்தியவை. கடற்கரை வளைவுகளில் பரப்பு கூடும், குறையும்.

படி 6: நிறம்

லேயரின் 'சிம்பாலஜி' பகுதியில் 'கிராஜுவேட்டட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்தப் பத்தி, எத்தனை வகுப்பு, எந்த முறையில் பிரிப்பது என்று சொல்ல வேண்டும். அடர்த்தியை வைத்து முதலில் விளையாடிப் பாருங்கள். முறை 'ஈக்வல் இன்டர்வல்', ஐந்து வகுப்பு. என்ன ஆகும்? குறைந்த அடர்த்தி நீலகிரியில், சதுர கிலோமீட்டருக்கு 287 பேர். அதிகம் சென்னையில், 26,553. இடைவெளியை ஐந்தாகப் பிரித்தால் முதல் வகுப்பே 5,500-ஐத் தாண்டும். சென்னைக்கு அடுத்த இடத்தில் இருக்கும் கன்னியாகுமரியின் அடர்த்தி 1,111தான். ஆக 31 மாவட்டங்களும் ஒரே வெளிர் நிறத்தில் கிடக்க, சென்னை மட்டும் ஒரு கரும்புள்ளி. நடுவில் மூன்று நிறங்களுக்கு ஆளே இல்லை.

அதையே 'ஈக்வல் கவுன்ட்' என்று மாற்றுங்கள். நான்கு வகுப்பு என்றால் வகுப்புக்கு எட்டு மாவட்டம். மாநிலம் முழுக்க நிறங்கள் விரியும். ஆனால் இப்போது சென்னையும் கன்னியாகுமரியும் ஒரே நிறம், 24 மடங்கு வித்தியாசம் மறைந்துவிட்டது. 'நேச்சுரல் பிரேக்ஸ்' எண்களில் இயல்பாக இருக்கும் இடைவெளிகளைத் தேடிப் பிரிக்கும். முதல் பார்வைக்கு அது நல்லது. கடைசியாக எல்லைகளை நானே கையால் எழுதிவிடுவேன்: 300, 500, 700, 1000 என்று படிப்பவருக்குப் புரியும் எண்கள். சென்னையைத் தனி வகுப்பாக வைத்துவிடலாம். எந்த முறையும் தானாக உண்மையைச் சொல்லாது. மூன்று முறைகளையும் போட்டுப் பார்த்து, எது மாறினாலும் மாறாமல் நிற்கும் வடிவம் எதுவோ அதை நம்புங்கள்.

பாலின விகிதத்துக்கு வேறு வகை நிறம் வேண்டும். குறைவிலிருந்து அதிகம் என்று ஒரே திசையில் போகும் எண்களுக்கு வெளிர் முதல் அடர் வரை ஒரே நிறம் போதும். நடுவில் ஒரு கோடு இருந்து, அதற்கு மேலும் கீழும் என்று பிரியும் எண்களுக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு நிறம் வேண்டும். சிவப்பும் பச்சையும் வேண்டாம், அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் பலர். ஆரஞ்சும் ஊதாவும் எல்லோருக்கும் தெரியும். 'வியூ' மெனுவில் 'ப்ரிவ்யூ மோட்' போனால் நிறக்குறைபாடு உள்ளவர் கண்ணில் நம் வரைபடம் எப்படித் தெரியும் என்றே பார்க்கலாம்.

படி 7: இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்துப் படிப்பது

மொத்தப் பாலின விகிதத்துக்கு நடுக்கோடு 996. குழந்தைகளுக்கு 943. கீழே ஆரஞ்சு, மேலே ஊதா. ஒரே லேயரை நகலெடுத்து இரண்டு பாணியில் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு 'மேப் தீம்' ஆகச் சேமித்துக்கொண்டால் மாறி மாறிப் பார்க்க வசதி.

குழந்தை விகிதத்தை 1000-த்தோடு ஒப்பிடக் கூடாது. இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பிறக்கின்றன: 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண். அதாவது 1000 ஆணுக்கு ஏறக்குறைய 950 பெண். அந்த அளவில் பார்த்தால் 943 என்ற மாநிலச் சராசரி கொஞ்சம் குறைவு. நீலகிரியின் 985 நல்ல நிலை. 897 என்பது எங்கோ ஏதோ தவறு நடக்கிறது என்பதற்கான அடையாளம்.

முதல் வரைபடத்தில் நீலகிரி 1042 உடன் உச்சத்தில். தென்கோடியில் தூத்துக்குடி, கன்னியாகுமரி, காவிரிப் படுகையில் தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர் எல்லாம் ஊதா. அரியலூரும் ஊதா. மேற்கே தருமபுரி 946 உடன் கடைசியில், சேலமும் கிருஷ்ணகிரியும் அதன் பக்கத்தில் ஆரஞ்சாக. இரண்டாவது வரைபடத்தில் தருமபுரி, சேலம் பக்கம் ஆரஞ்சு அப்படியே நிற்கிறது. கூடவே அரியலூர், கடலூர், பெரம்பலூர் என்று மத்தியில் இன்னொரு ஆரஞ்சுத் திட்டு.

அரியலூர் எப்படி நிறம் மாறியது? ஒரு மாவட்டத்தில் குழந்தைகள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதி ஒன்பது பங்கில் நடப்பது மொத்த விகிதத்தைத் தீர்மானித்துவிடும். வேலைக்காக ஆண்கள் வெளியூர் போயிருந்தால் உள்ளூரில் பெண்களின் பங்கு ஏறும். பெண்களின் ஆயுள் கூடுதல் என்பதால் முதியோரில் பெண்கள் அதிகம். இவை இரண்டும் சேர்ந்து குழந்தைப் பருவத்தில் இருக்கும் பள்ளத்தை மூடிவிட முடியும். அரியலூரில் எது எவ்வளவு என்று இந்த வரைபடம் சொல்லாது. அதற்கு வயதுவாரி அட்டவணையும் இடப்பெயர்வு அட்டவணையும் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது இந்த வரைபடம்.

'இது தற்செயலான திட்டா, உண்மையான கொத்தா' என்று சோதிக்க ஜியோடா என்ற இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது. நம் ஜியோபேக்கேஜை அப்படியே திறக்கும். யார் யாருக்கு அண்டை என்று ஒரு கோப்பு உருவாக்கச் சொல்லி, 'லோக்கல் மோரன்' போட்டால், தாழ்வான இடங்கள் தாழ்வான அண்டைகளோடு சேர்ந்து நிற்பதைத் தனியாகக் காட்டும். 32 மாவட்டங்கள் இதற்குக் குறைவு. 215 தாலுகாக்களுக்குப் போட்டால் விடைக்கு அர்த்தம் இருக்கும்.

படி 8: தாலுகாவுக்கு இறங்குவது, 38 மாவட்டங்களுக்கு ஏறுவது

மாவட்டச் சராசரி பலவற்றை மறைக்கும். தமிழ்நாட்டில் பழங்குடியினர் 1.1 சதவீதம்தான், மாவட்ட வரைபடத்தில் ஏறக்குறைய எங்கும் வெளிர் நிறம். கிராம அளவில் போட்டால் கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி, கொல்லி என்று மலைகளின் வடிவத்திலேயே நிறம் ஏறி நிற்பதைப் பார்க்கலாம். அந்த மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள், மாவட்டத்தின் பெரிய சமவெளி எண்ணிக்கை அவர்களை அமுக்கிவிடுகிறது.

ஆனால் குழந்தைப் பாலின விகிதத்தைக் கிராம அளவில் நிறமாக்காதீர்கள். 20 ஆண் குழந்தைகள் உள்ள ஊரில் ஒரு பெண் குழந்தை கூடினாலோ குறைந்தாலோ விகிதம் 50 புள்ளி ஆடும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் உச்சத்திலும் பாதாளத்திலும் தெரியும், அது வெறும் தற்செயல். ஒரு கிராமத்தின் மேல் பழி விழ அப்படி ஒரு வரைபடம் போதும். தாலுகாவோடு நின்றுகொள்ளுங்கள்.

இன்றைய 38 மாவட்டங்களுக்கு 2011 எண்கள் வேண்டுமென்றால், தாலுகா லேயரில் 'புதுமாவட்டம்' என்று ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு தாலுகாவும் இன்று எந்த மாவட்டத்தில் என்று நிரப்பி, 'அக்ரிகேட்' கருவியால் அந்தப் பத்தியின்படி சேர்க்கலாம். 2011-க்குப் பின் தாலுகாக்களும் பிரிந்திருப்பதால் சில இடங்களில் கிராமம் வரை இறங்க வேண்டிவரும். பொறுமை வேண்டிய வேலை. சேர்க்கும்போது எண்ணிக்கைகளைக் கூட்டி, விகிதத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். விகிதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. ஒரு தாலுகாவில் 10,000 ஆண் குழந்தை, 9,000 பெண் குழந்தை. இன்னொன்றில் 1,000 ஆண், 1,000 பெண். விகிதங்கள் 900, 1000. சராசரி எடுத்தால் 950. கூட்டி வகுத்தால் 909. பின்னதுதான் சரி.

படி 9: அச்சுக்குக் கொடுப்பது

'லே-அவுட்' பகுதியில் இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் வைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் மேப் தீமோடு இணைத்துவிடுங்கள். யூனிகோட் எழுத்துரு எதுவும் சரியாக வரும். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளைப் பாதைகளாக ஏற்றுமதி செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் வேறொருவர் கணினியில் கொம்பும் காலும் பிரிந்து ஓடாது. வரைபடத்தின் கீழே நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த ஆண்டின் எண், எந்த ஆண்டின் எல்லை, விகிதத்தை எப்படிக் கணக்கிட்டோம், நிற எல்லைகளை எப்படித் தேர்ந்தோம்.

படி 10: 2001 உடன் ஒப்பிடுவது

2001இல் கோயம்புத்தூர் மாவட்டத்தில் 42,71,856 பேர். 2011இல் 34,58,045. எட்டு லட்சம் பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. 2009இல் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் உருவானது. 2011 எல்லைக்குள் 2001இல் இருந்தவர்கள் 29,16,620 பேர். அதை வைத்துப் பார்த்தால் கோவை 18.6 சதவீதம் வளர்ந்திருக்கிறது. இப்படி எல்லை திருத்திய பழைய எண்களைச் சென்சஸ் தன் பத்தாண்டு வளர்ச்சி அட்டவணையிலேயே தருகிறது. கிருஷ்ணகிரிக்கும் இதே கவனம் வேண்டும், 2004 வரை அது தருமபுரிக்குள் இருந்தது.

எல்லை சரியானதும் குழந்தைப் பாலின விகிதத்தில் 2011-இலிருந்து 2001-ஐக் கழித்து ஒரு பத்தி உருவாக்குங்கள். நடுக்கோடு 0. ஏறியது ஊதா, இறங்கியது ஆரஞ்சு. மாநில அளவில் 942, 943 என்று ஏறக்குறைய அசையவே இல்லை. செய்திக் குறிப்பில் ஒரு வரியோடு முடிந்துவிடும் விஷயம். வரைபடத்தில் அப்படி இல்லை. பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கப்பட்ட சேலம், 851-இலிருந்து 916-க்கு ஏறியிருக்கிறது. தருமபுரிப் பக்கமும் ஏற்றம்தான். அந்தப் பக்கம் ஏறிய அதே பத்தாண்டில் கடலூரும் அரியலூரும் இறங்கியிருக்கின்றன. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டதால்தான் மாநிலத்தின் எண் அசையவில்லை.

2011 கணக்கெடுப்பின் எண்கள் வந்த பிறகு தொட்டில் குழந்தைத் திட்டம் மேலும் ஐந்து மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது: கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை. உங்கள் வரைபடத்தில் இந்த ஐந்தையும் தேடிப் பாருங்கள். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஒரே திட்டாக நிற்கும்.